பாத்தியில் ஓடிய குதிரை

குதிரைக் கொட்டகையைக் கூட்டுவது என் வேலை. மகள் அதை எனக்குக் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். உப்பளத்தில் எடைக் குமாஸ்தாவாக இருந்து, லாரியில் ஏறும் மூட்டைகளை முப்பது வருஷம் எண்ணியவனுக்கு, வேலை முடிந்த பிறகும் எண்ணுவதற்கு ஏதாவது வேண்டியிருக்கிறது. தென்னையில் தொங்கும் காய்களை எண்ணினேன். ஈசிஆர் ரோட்டில் போகும் பேருந்துகளை எண்ணினேன். குதிரை வீட்டுக்கு வந்த பிறகு அது இரவில் போடும் லத்தியை எண்ண ஆரம்பித்தேன். நான்கு குவியல், சில நாள் ஐந்து. அதற்குக் குறைந்து நான் பார்த்ததில்லை.

அன்று காலை ஒன்றுதான் கிடந்தது. அதுவும் சின்னது. தொட்டால் கொட்டாங்கச்சி போலக் கெட்டியாக இருந்தது. மேலே சளி பூசியது போல ஒரு பளபளப்பு. தொட்டியில் தண்ணீர் இறங்கவில்லை. முந்தின நாள் போட்ட புல் முக்கால்வாசி அப்படியே கிடந்தது. கொட்டகையின் எல்லா மூலையிலும் விளக்குமாற்றால் தள்ளித் தள்ளித் தேடினேன், எங்காவது இன்னொரு குவியல் ஒளிந்திருக்குமோ என்று. இல்லை. குதிரை கழுத்தைத் திருப்பித் தன் இடது விலாவைப் பார்த்தது. யாரோ அங்கே நின்று கூப்பிட்டது போலப் பார்த்தது. பிறகு முன்காலால் மணலைச் சுரண்டியது. மறுபடி விலாவைப் பார்த்தது.

மகள் வீட்டில் இல்லை. விடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கூனிமேட்டுக்குப் பசும்புல் வாங்கப் போயிருந்தாள். போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி செய்தேன்.

இந்தக் குதிரையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். இடையஞ்சாவடிப் பக்கம் ஒரு வெளிநாட்டு அம்மாள் சின்னதாக ஒரு லாயம் வைத்திருந்தாள். என் மகள் பள்ளிக்கூடம் முடித்த கையோடு அங்கே வேலைக்குப் போனவள். கூட்டுவதில் ஆரம்பித்துக் குழந்தைகளுக்குச் சவாரி சொல்லித் தருவது வரைக்கும் வந்தாள். அந்த அம்மாள் வயதாகி ஊருக்குத் திரும்பியபோது மற்றக் குதிரைகளை ஆளுக்கொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். இந்த வெள்ளைப் பெட்டையை யாரும் கேட்கவில்லை. பல்லைப் பார்த்தால் பதினெட்டு வயது என்றார்கள். மகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஈசிஆர் ஓரமாகவே நடத்தி மரக்காணம் வரைக்கும் கூட்டி வந்துவிட்டாள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டவள். இப்போது நாற்பதை நெருங்குகிறாள். சனி, ஞாயிறுகளில் பிள்ளைகள் வந்து இதன்மேல்தான் சவாரி பழகுகிறார்கள். மற்ற நாளில் அவளும் குதிரையும் கடற்கரையில் நடந்துவிட்டு வருவார்கள். இரண்டு பேரும் பேசிக்கொண்டே போவதைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். என்னோடு அவள் அவ்வளவு பேசியதில்லை.

மூன்றாவது முறை செய்த போனும் எடுக்கப்படவில்லை. நான் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். ஆறு மாடு வைத்திருப்பவர். பார்த்த உடனே இடது வயிற்றில் விரலால் தட்டினார். காலிக் குடத்தைத் தட்டினது போலச் சத்தம் வந்தது.

"உப்புசம்ணே. மாட்டுக்கு வர்றதுதான். நல்லெண்ணெயில பெருங்காயத்த கரைச்சி ஒரு குழா ஊத்துனா டர்ருனு வுட்டுடும்."

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. இந்தப் பக்கத்தில் நாங்கள் எல்லோரும் மாட்டை அறிந்தவர்கள். நான்கு கால், ஒரு வால், ஒரு வயிறு. குதிரையை மட்டும் வேறு விதமாக நினைக்க என்ன இருக்கிறது? நானே வீட்டுக்குள் போய் பெருங்காயம் கரைத்த எண்ணெய்ப் பாத்திரத்தை எடுத்து வந்தேன். அவர் மூங்கில் குழாயில் நிரப்பி, குதிரையின் தாடையை மேலே தூக்கி, வாயின் ஓரத்தில் குழாயை வைத்தார். அப்போது ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. மகள் வண்டியை ஸ்டாண்டு போடாமலே விட்டுவிட்டு ஓடி வந்தாள். வண்டியும் புல்லுக்கட்டும் ஒன்றாகச் சாய்ந்தன.

"மாமா! ஊத்தாதீங்க! மாமா!"

அவர் கை அப்படியே நின்றது.

"அது மாடு இல்ல மாமா. இப்படித் தூக்கிப் புடிச்சி ஊத்துனா நுரையீரலுக்குப் போயிடும்."

"வயிறுன்னா எல்லாத்துக்கும் வயிறுதாம்மா."

"இல்ல மாமா. இவளுக்கு வாந்தியே வராது. குதிர ஜாதிக்கே வராது. உள்ள போனது திரும்ப மேல வராது."

அவர் குழாயை இறக்கினார். "அடப்பாவமே, இன்னா வயிறும்மா அது? வெளிய வர வாசல் இல்லாத ஊடு மாதிரி," என்று சொல்லிவிட்டு, கோபித்துக்கொள்ளாமல் எண்ணெயைப் பாத்திரத்திலேயே திரும்ப ஊற்றிவிட்டுப் போனார்.

மகள் என் பக்கம் திரும்பினாள். "அவர யாருப்பா கூப்டச் சொன்னது?"

"நீ போன் எடுக்கல."

"வண்டி ஓட்டினு இருந்தேம்பா."

திட்டியிருந்தால் தேவலை. அவள் குதிரையின் விலாவில் காதை வைத்துக் கேட்டாள். வலது பக்கம் கேட்டாள், இடது பக்கம் கேட்டாள், மறுபடி இடது பக்கம். குதிரையின் வயிற்றுக்குள் எப்போதும் தண்ணீர் உருளுவது போல ஒரு சத்தம் இருக்கும். நானும் கேட்டிருக்கிறேன். அவள் முகத்தைப் பார்த்தாலே அது இல்லை என்று தெரிந்தது. பாண்டிச்சேரியில் இருக்கும் குதிரை டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் கிளம்பி வருவதாகவும், அதுவரை தீனி எதுவும் காட்டக் கூடாது என்றும், நாடித்துடிப்பை எண்ணி வைக்கும்படியும் சொன்னார்.

"பா, நீங்க எண்ணுங்க," என்று என் விரலைப் பிடித்துக் குதிரையின் தாடை எலும்புக்குக் கீழே வைத்தாள். தோலுக்கடியில் ஒரு மெல்லிய கயிறு நழுவியது. அது துடித்தது. நல்ல நிலையில் நிமிஷத்துக்கு நாற்பதுக்குள் இருக்க வேண்டுமாம். கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். ஐம்பத்தாறு. தவறாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி எண்ணினேன். ஐம்பத்தெட்டு. என் வாழ்க்கையில் மூட்டை எண்ணும்போது எண்ணிக்கை தவறிவிடக் கூடாதே என்று பயந்திருக்கிறேன். தவறியிருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு எண்ணியது அன்றுதான்.

டாக்டர் இளைஞர். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். முதலில் மூக்கு வழியாக ஒரு நீளக் குழாயை வயிற்றுக்குள் இறக்கி, ஏதாவது திரும்பி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. அது கொஞ்சம் நல்லது என்றார். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று கேட்க நினைத்தேன். பிறகு தோள் வரைக்கும் பிளாஸ்டிக் உறை மாட்டி, குதிரையின் பின்பக்கம் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு, இருட்டு அறையில் சாவி தேடுகிறவர் போல நின்றார். கடைசியில் ஒரு சின்ன ஸ்கேன் பெட்டியைத் திறந்து, இடது பக்க விலாவுக்கு மேலே ஸ்பிரிட்டைத் தடவி அழுத்தினார். திரையில் வெள்ளைக் கோடுகளாக இருந்தது. மழையில் நனைந்த பழைய டிவியைப் போல.

"இந்த எடத்துல கிட்னி தெரியணும்," என்றார். "தெரியல. கேஸ் மறைக்குது."

"கிட்னி எங்க போச்சு?" என்று கேட்டேன்.

"கிட்னி அங்கதான் இருக்குது சார். பெருங்குடல்தான் எடம் மாறியிருக்குது."

கொடியில் காய்ந்த என் துண்டைக் காட்டி விளக்கினார். குதிரையின் பெருங்குடல் மிகப் பெரியது, அதிகப் பிடிப்பில்லாமல் உள்ளே மிதப்பது. காற்று ஊதினால் பலூன் போல மேலே எழும்பும். இடது பக்கம் மண்ணீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே ஒரு தசைநார் கொடி கட்டினது போல இருக்கிறது. எழும்பின குடல் மண்ணீரலைத் தாண்டி அந்தக் கொடியில் ஏறி, ஈரத்துணி போல இரண்டு பக்கமும் தொங்கிவிடும். பிறகு தானாக இறங்காது. உள்ளே காற்றும் நகராது, சாணமும் நகராது.

"எறக்க வழி?" என்றாள் மகள். அவள் தெரிந்துதான் கேட்டாள் என்று நினைக்கிறேன்.

"ஒரு ஊசி இருக்குது. ட்ரிப்புல போட்டா மண்ணீரல் சுருங்கும். வழி கெடைக்கும். அந்த நேரத்துல நல்லா ஓடவிட்டா, குலுங்கிக் குலுங்கி குடல் கீழ எறங்கிடலாம்."

"எறங்கிடுமா?"

"எறங்கிடலாம்," என்று மறுபடி அதையே சொன்னார். "இல்லன்னா மெட்ராசுக்குக் கொண்டுபோய் வயித்தக் கிழிக்கணும். ஒரு விஷயம். அந்த ஊசி பிரஷர ஏத்தும். வயசான குதிரைக்கு உள்ள ரத்தக் குழாய் ஒடைய வாய்ப்பு இருக்குது. ஒடைஞ்சா நம்மால ஒண்ணும் செய்ய முடியாது. சொல்லிடறது என் கடம."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. குதிரை நின்ற இடத்திலேயே மெதுவாக முழங்காலை மடக்கப் பார்த்தது. மகள் கயிற்றை இழுத்து நிமிர்த்தினாள். படுத்து உருண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும் என்றார் டாக்டர்.

"என்னப்பா பண்ணலாம்?" என்றாள் மகள்.

அவள் என்னிடம் எதையும் கேட்பவள் அல்ல. லாயத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது கேட்கவில்லை. குதிரையைக் கூட்டி வந்தபோதும் கேட்கவில்லை. ஊசி என்றால் ரத்தம் என்று பயம். மெட்ராஸ் என்றால் அந்த நீளச் சாலையில், வண்டிக்குள், அவள் கண் முன்னால் விழுந்துவிடுமோ என்று பயம். எது கொஞ்சம் குறைந்த பயம் என்று தேடினேன். குதிரை செத்தால் இவள் என்ன ஆவாள் என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. தாடைக்குக் கீழே விரலை வைத்தேன். "அறுபது," என்றேன்.

"போடுங்க டாக்டர்," என்றாள் அவள்.

சென்னைக்குப் போக, குதிரை ஏற்றும் வண்டி ஒன்றுக்குச் சொல்லி, தயாராக நிற்கும்படி டாக்டர் போன் செய்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார். "எங்க ஓட்டறது?"

அதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. வீட்டைச் சுற்றி மணல். குதிரையின் கால் கணுக்கால் வரைக்கும் புதையும். அதில் நடக்கலாம், ஓட முடியாது. சவுக்குத் தோப்பில் வேர்கள். ஈசிஆரில் ஓட்டினால் குடல் இறங்குவதற்கு முன்னால் பேருந்து வந்துவிடும். எங்கள் தெருவை அகலப்படுத்துகிறோம் என்று ஜல்லி கொட்டி வைத்திருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் உப்பளம். மழைத் தண்ணீர் வடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்ததால் பெரும்பாலான பாத்திகள் கறுப்புச் சேறாகக் கிடந்தன. கால் வைத்தால் வழுக்கும்.

மகள் கையை நெற்றியில் வைத்து உப்பளத்தைப் பார்த்தாள். "அங்க," என்றாள்.

அவள் காட்டியது மிதித்த பாத்தியை. நான், "அது மட்டும் வேணாம்," என்றேன்.

உப்பு எடுப்பதற்கு முன்னால் பாத்தியின் தரையை இறுக்க வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் தண்ணீரை வடித்து, சேற்றை வழித்து, பலகையால் சமன் செய்து, பிறகு பெண்கள் வரிசையாகக் கை கோத்துக்கொண்டு வெறும் காலால் மிதிப்பார்கள். ஒரு கால் அகலம்கூட விடாமல், இந்த வரப்பிலிருந்து அந்த வரப்பு வரைக்கும். திரும்ப, திரும்ப. காயவிட்டு மறுபடி மிதிப்பார்கள். தரை சிமெண்டு போல ஆகிவிடும். அப்படி ஆகாவிட்டால் வாரும்போது உப்போடு மண்ணும் வரும். மிதித்த பாத்தியில் யாரும் செருப்போடு இறங்கக் கூடாது. நான் குமாஸ்தாவாக இருந்த காலம் முழுக்க ஒரு நாளும் இறங்கியதில்லை. அதில் குதிரையை விடுவது என்பது, சாந்து பூசிய ஈரத் தரையில் டிராக்டரை விடுவது.

மகள் அதற்குள் வரப்பில் நடந்துகொண்டிருந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

பெண்கள் வரப்பில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள். பதினோரு பேர். அவர்களை நடத்தும் மேஸ்திரியம்மாளுக்கு என்னை நன்றாகத் தெரியும். நோஞ்சான் குட்டை மனுஷி, குரல் மட்டும் கடல் வரைக்கும் கேட்கும்.

"குமாஸ்தா சாரு வர்றாரு. கூழ்ப் பானைய மூடி வைங்கடி, எத்தினி வாய் குடிச்சோம்னு எண்ணிடுவாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை. நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். மேஸ்திரியம்மாள் கூழ்ச் சொம்பைக் கீழே வைத்தாள்.

"மிதிச்ச பாத்தியில குதிரைய வுடறதா? ஏம்மா, கட்டுன புருசனையே செருப்போட எறங்க வுடமாட்டேன் நானு. நாளைக்குத் தண்ணி ஏத்தப் போறோம்."

"ஒரு பாத்தி போதும்கா. அந்த மூலையில இருக்கறது."

"கால்ல லாடம் இருக்குமே?"

"இல்லக்கா. மணல்ல நடக்கறவ. லாடம் அடிக்கறதில்ல. அவளும் வெறுங்கால்தான்."

ஒருத்தி பின்னாலிருந்து, "எங்க கணக்கா," என்றாள்.

மேஸ்திரியம்மாள் விடவில்லை. "ஓடும்போது சாணி போட்டுடுச்சின்னா? பாத்தியில சாணி வுழுந்தா அந்த உப்ப நீ திம்பியா?"

மகள் ஒரு அடி முன்னால் வந்தாள். "போட்டுட்டா என் கையாலயே அள்ளி, அந்த எடத்தக் கண்ணுல ஒத்திக்குவேன்கா. அது போடலன்னுதானே சாகக் கெடக்குது."

மேஸ்திரியம்மாள் என்னைப் பார்த்தாள். எங்கள் கொட்டகைப் பக்கம் பார்த்தாள். வெள்ளைக் குதிரை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பது அங்கிருந்தே தெரிந்தது.

"நாளைக்கு மறுபடி மிதிக்கணும். நீ வரணும், உங்கப்பாவும் வரணும். ஆள் அனுப்பறேன்னு சொல்லக் கூடாது. கால் வந்தாவணும்."

"எனக்கு முட்டி வலி," என்றேன்.

"எங்க முட்டியெல்லாம் மரத்துல செஞ்சி வச்சிருக்குது சார்," என்றாள். "எழுந்திருங்கடி. மூலப் பாத்தி."

குதிரையை வரப்பு வழியாக நடத்தி வந்தோம். குறுகின வரப்பு. நான் முன்னால் போனேன், ஏன் போனேன் என்று தெரியவில்லை, நான் போனதால் வரப்பு அகலமாகிவிடாது. பாத்தி ஓரத்தில் டாக்டர் தன் பூட்ஸைக் கழற்றும்படி ஆயிற்று. "ஊசி போடறவரா இருந்தா இன்னா, கலெக்டரா இருந்தா இன்னா," என்றாள் மேஸ்திரியம்மாள். அவர் வெள்ளைக் காலோடு நின்று, குதிரையின் கழுத்து நரம்பில் ஊசியைப் பொருத்தி, பாட்டிலை என் கையில் கொடுத்து உயரப் பிடிக்கச் சொன்னார். மற்றக் கையால் நாடி பார்க்கச் சொன்னார்.

"சார், இப்ப துடிப்பு எறங்கும். பயப்படாதீங்க. மருந்து வேல செய்யறதுனாலதான் எறங்குது."

பயப்படாதே என்று என்னிடம் யார் சொன்னாலும் அந்த நிமிஷத்திலிருந்துதான் பயம் ஆரம்பிக்கும். ஐம்பத்திரண்டு. நாற்பத்தாறு. நாற்பதுக்குக் கீழே வந்தபோது ஒரு கணம் மகிழ்ந்தேன், இதுதானே நல்ல எண்ணிக்கை என்று. அது நிற்கவில்லை. முப்பத்தாறு. முப்பது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே ஒரு மூட்டையை லாரியில் ஏற்றி இறக்கிவிடலாம் போலிருந்தது.

"டாக்டர், முப்பது."

"இருக்கட்டும் சார்."

"டாக்டர், இருபத்தேழு."

"சார், கொஞ்சம் மனசுக்குள்ளயே எண்ணுங்க."

மகள் என் பக்கம் திரும்பவே இல்லை. குதிரையின் நெற்றி மயிரை ஒதுக்கிவிட்டுக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பாட்டில் காலியானது. டாக்டர் ஊசியை எடுத்தார். "ஓட்டும்மா," என்றார்.

குதிரை ஓடவில்லை. இரண்டடி வைத்துவிட்டு நின்றது. மகள் நீளக் கயிற்றைப் பிடித்து முன்னால் ஓடிப் பார்த்தாள், கயிறு விறைத்ததே தவிரக் குதிரை அசையவில்லை. முன்னங்கால் மடிந்தது. படுக்கப் போகிறது. டாக்டர் பின்னால் போய்த் தட்டினார். மருந்தின் வேலை கொஞ்ச நேரம்தான், அதற்குள் ஓட வேண்டும் என்று என் காதில் விழுந்தது.

மேஸ்திரியம்மாள் சேலையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டாள். "நாலு பக்கமும் நில்லுங்கடி!" பெண்கள் நாலு வரப்பிலும் பரவினார்கள். உப்பு அள்ளும் கூடைகளைக் கவிழ்த்து உள்ளங்கையால் அடித்தார்கள். "ஹேய்! ஹோ!" என்று ஒரு சத்தம். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. குதிரை காதை நிமிர்த்தியது. ஒரு குலுக்கு. பிறகு ஓட ஆரம்பித்தது.

தொக்குத் தொக்கென்று இறுக்கமான தரையில் குளம்புச் சத்தம். வரப்பை நெருங்கினால் அந்தப் பக்கத்துப் பெண்கள் கூடையைத் தட்டினார்கள். அது திரும்பி வளைந்தது. நடுவில் மகள் கயிற்றோடு சுற்றினாள். குதிரை மந்தமானால் பக்கத்தில் ஓடினாள், வெறும் காலோடு, தலைமுடி அவிழ்ந்து. காய்ந்த தரையில் குளம்பு பட்ட இடமெல்லாம் ஓடு போலப் பெயர்ந்தது. அந்தப் பெண்கள் அத்தனை நாள் மிதித்த தரை. சுற்றுகளை எண்ணினேன். மகள் ஒரு முறை கால் வழுக்கி முட்டியில் விழுந்து எழுந்தாள். நானும் பாத்திக்குள் இறங்கிவிட்டேன். "நீங்க வேற எதுக்கு சார், ஓரமா நில்லுங்க!" என்று ஒருத்தி கத்தினாள். ஏறிவிட்டேன். எந்தச் சுற்றில் விட்டேன் என்று தெரியவில்லை.

குதிரையின் விலா வேர்வையில் கறுத்தது. அப்போது ஒரு சத்தம் வந்தது. நீளமாக, பழைய மோட்டார் பம்பு கிளம்பும்போது வருமே அப்படி. குதிரை வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியபடியே காற்றுவிட்டது.

ஒரு கணம் கூடைகள் நின்றன. பிறகு பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சிடியோ!"

"எங்க மாமியா தோத்தா!"

"நிறுத்தாதீங்க, ஓட்டுங்க, ஓட்டுங்க," என்று டாக்டர் கத்தினார். அவரும் சிரித்துக்கொண்டுதான் கத்தினார். மகள் சிரிக்கவும் இல்லை, நிற்கவும் இல்லை. டாக்டர் கையைக் காட்டிய பிறகுதான் நின்றாள். நின்றதும் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

ஸ்கேன் பெட்டியைப் பாத்தி நடுவிலேயே கொண்டுவந்து வைத்தார்கள். வெயிலில் திரை தெரியவில்லை. மேஸ்திரியம்மாள் தன் முந்தானையை மேலே விரித்து நிழல் பிடித்தாள். எல்லோரும் குனிந்தார்கள். வெள்ளைக் கோடுகள் வந்தன. டாக்டர் கையை ஒரு விரல் அகலம் நகர்த்தினார். கோடுகள் விலகின. கருப்பாக, அவரைக்கொட்டை வடிவில் ஒன்று தெரிந்தது.

"அதோ," என்றார்.

"புள்ளயா?" என்றாள் மேஸ்திரியம்மாள். "குட்டி இருக்குதா உள்ள?"

"கிட்னிக்கா," என்றாள் மகள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. "கிட்னி தெரியுது. குடல் எறங்கிடுச்சி."

"எனக்குத் தெரிஞ்சி கிட்னியப் பாத்து அழுத மொத ஆளு நீதான்," என்றாள் மேஸ்திரியம்மாள். முந்தானையை இழுத்து மகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு பாத்தியைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். தரை முழுக்க வட்டம் வட்டமாகப் பெயர்ந்து கிடந்தது.

நான் சந்தோஷப்படலாம் என்று நினைக்கும்போதுதான் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குடல் இறங்கிவிட்டது, ஆனால் உள்ளே ரத்தம் கசிகிறதா என்பது உடனே தெரியாது. ஈறு வெளுக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வெளுத்தால் உடனே போன். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக. தீனி கிடையாது. "ஒரு தடவ லத்தி போடட்டும் சார். அதுக்கப்பறம்தான் நான் நம்புவேன்." வண்டிக்காரரிடம் மறுநாள் காலை வரைக்கும் வேறு வாடகைக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதியம் போடவில்லை. சாயங்காலம் போடவில்லை. நான் நாற்காலியைக் கொட்டகைக்குள் போட்டுக்கொண்டேன். மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்பேன். இளஞ்சிவப்பு. கட்டைவிரலால் அழுத்திவிட்டு, வெளுத்த இடத்துக்கு நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பேன். திரும்பும். உட்காருவேன். உட்கார்ந்ததும், நான் பார்த்தது மஞ்சள் பல்பு வெளிச்சமாக இருக்குமோ என்று சந்தேகம் வரும். டார்ச்சை எடுத்து வருவேன். கொஞ்ச நேரத்தில் குதிரைக்கே அலுத்துவிட்டது. நான் எழுந்தாலே தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

"அவளத் தூங்க வுடுங்கப்பா," என்றாள் மகள். அவள் முட்டியில் துணி சுற்றியிருந்தது. புல்லுக்கட்டில் சாய்ந்திருந்தாள்.

"நீ தூங்கு."

"நீங்க எண்ணினு இருந்தா எனக்கு எப்படித் தூக்கம் வரும்?"

"வாய் தொறக்காமத்தானே எண்ணறேன்."

"உதடு அசையுது."

விடிந்தபோதும் கொட்டகை சுத்தமாக இருந்தது. கூட்டுவதற்கு ஒன்றுமில்லாத சுத்தம். மகள் விலாவில் காதை வைத்துவிட்டு, சத்தம் இருக்கிறது என்றாள். அவள் எனக்காகச் சொல்கிறாளோ என்று நானும் காதை வைத்தேன். இருந்தது போலவும் இருந்தது, என் காதுக்குள்ளேயே கேட்பது போலவும் இருந்தது. டாக்டருக்குப் போன் செய்தோம். இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம், இல்லையென்றால் வண்டியை அனுப்புகிறேன் என்றார்.

உப்பளத்திலிருந்து மேஸ்திரியம்மாளின் குரல் வந்தது. "குமாஸ்தா சார்! கால் வரணும்!"

மகள் குதிரையை விட்டு வர முடியாது. நான் மட்டும் போனேன். "அவ அப்பறம் வரட்டும்," என்றாள் மேஸ்திரியம்மாள், நான் விளக்கம் சொல்லும் முன்பே. பாத்தியில் லேசாகத் தண்ணீர் தெளித்து, பெயர்ந்த ஓடுகளைப் பலகையால் இழுத்து வைத்திருந்தார்கள். செருப்பை வரப்பில் கழற்றிவிட்டு இறங்கினேன். தரை குளிர்ச்சியாக, பிசுபிசுவென்று இருந்தது. பழைய உப்பு என் குதிகால் வெடிப்பில் ஏறி எரிந்தது. ஒருத்தி என் வலது கையைப் பிடித்தாள், மேஸ்திரியம்மாள் இடது கையைப் பிடித்தாள். இத்தனை வருஷமாக இவர்கள் மிதிப்பதை வரப்பிலிருந்து பார்த்திருக்கிறேன். வரிசையில் நின்றது அதுதான் முதல் தடவை.

"குதிகால மொதல்ல வைங்க. பக்கத்துல இடைவெளி வுடாதீங்க. யாராவது வரிசைய வுட்டுப் போனா அந்த எடம் பள்ளமாயிடும்."

நடந்தோம். ஒரு கால், அடுத்த கால். என் காலுக்கடியில் குளம்பு வட்டங்கள் மெத்தென்று அமுங்கின. நான் கொட்டகைப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். "முன்னால பாருங்க சார்," என்றாள் மேஸ்திரியம்மாள். பார்த்தேன். அந்த வரப்பைத் தொட்டு, திரும்பி, இந்த வரப்புக்கு வந்தோம். முட்டி வலித்தது. வண்டி இந்நேரம் கிளம்பியிருக்குமா என்று யோசித்தேன். மறுபடி அந்த வரப்பு. நடுப் பாத்தியில் இருக்கும்போது கொட்டகை வாசலில் மகள் வந்து நின்றாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள்.

கையைத் தூக்கினால் நல்லதா கெட்டதா?

"பா! போட்டுட்டா! பா!"

"இன்னாவாம்?" என்றாள் என் வலது கையைப் பிடித்தவள்.

"சாணி போட்டுடுச்சாம்," என்றாள் மேஸ்திரியம்மாள். வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. "எம்பொண்ணு பிரசவத்துக்குக்கூட எம்மருமவன் இப்படிக் கத்தல."

நான் கையை உருவப் பார்த்தேன். இரண்டு பக்கமும் பிடி இறுகியது. "பாதியில போனா பள்ளம் வுழும் சார். அந்தக் கடைசி வரைக்கும் மிதிச்சிட்டுப் போங்க."

"எத்தினி?" என்று நடந்தபடியே கத்தினேன். "எத்தினி போட்டுச்சி? கெட்டியா இருக்குதா? சளி இருக்குதா?"

மகள் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து வாயருகில் கையைக் குவித்தாள்.

"வந்து நீங்களே எண்ணிக்குங்க!"

வரப்பு இன்னும் தூரத்தில் இருந்தது. குதிகாலை முதலில் வைத்து, இடைவெளி விடாமல், எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக மிதித்தேன்.